இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வாசகி

நூலகவியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாவம் என்று பார்ப்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள், அதற்குக்கூடப் படிப்பு வந்துவிட்டதா என்று கேட்பார்கள். மூன்று வருடம் தலைநகர் சோஃபியாவில் தங்கி நான் கற்றுக்கொண்டது, ஒரு புத்தகத்தை எந்த எண்ணின் கீழ் வைப்பது, ஈரம் படாமல் எப்படிக் காப்பது, கடைசியில் எப்போது தூக்கிப் போடுவது என்பதுதான். படிப்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதை நான் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் களப்பயிற்சிக்கு என்னைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். டான்யூப் கரையில் இருக்கிற ஊர். வாசகசாலைக் கட்டடத்தில் மாடியில் நடன வகுப்பு, கீழே நூலகம். மேலே இருபது பேர் சேர்ந்து குதித்தால் கீழே வரலாற்றுப் பிரிவில் மட்டும் சுண்ணாம்பு உதிரும். சமையல் புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகாது.

நூலகத்துக்கு ஒரே ஊழியர், வெனெட்டா அத்தை. எனக்கு அத்தை உறவெல்லாம் இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். தினமும் காலையில் வருகிற வழியில் மின்கம்பங்களிலும் வீட்டுக் கதவுகளிலும் ஒட்டியிருக்கிற இரங்கல் அறிவிப்புகளைப் படித்துவிட்டு வருவார். வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உறுப்பினர் பெட்டியைத் திறந்து, போனவரின் அட்டையை உருவி எடுப்பார். "நூத்தி எழுபது. துப்பறியும் கதையா எடுப்பார். கடைசிக் கதையில கொலைகாரன் யாருன்னு தெரியாமலே போயிட்டார் பாவம்" என்பார். பிறகுதான் காப்பி.

நான் வந்த இரண்டாவது வாரம் அவர் என் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார். பத்து வருடமாக யாரும் எடுக்காத நூல்களைக் கழிக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகஸ்ட் கடைசியில் மாவட்டத்திலிருந்து மூன்று பேர் குழுவாக வந்து பார்த்துக் கையெழுத்திடுவார்கள். பிறகு எல்லாம் காகித ஆலைக்கு.

"வரலாறு, பண்பாட்டு அலமாரியிலேர்ந்து ஆரம்பி. அங்கதான் பிணம் அதிகம்" என்றார்.

ஆரம்பித்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்க வேண்டும். எடுத்த தேதியும் எடுத்தவரின் எண்ணும் அதில் இருக்கும். முதல் புத்தகம், ஆற்றோரத் துறைமுகங்களில் காலரா காலத்தில் மனிதர்களை எப்படி நிறுத்தி வைத்தார்கள் என்பது பற்றி. கடைசியாக எடுத்தவர் எண் 212. இரண்டாவது, கோயில் ரொட்டியில் குத்துகிற மர அச்சுகள் பற்றி. 212. மூன்றாவது, மணி வார்ப்பவர்கள். 212. அந்த எண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில் அந்த அட்டை காத்திருக்கும்.

அம்மாவின் எண்.

அம்மா பெயர் டிமானா. தையல் ஆலையில் காலர் தைத்தாள். ஆலையை மூடியபோது, இத்தாலியில் ஃபெர்ராரா என்ற ஊரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது இருபத்திரண்டு. நடுவில் நாலு முறை வந்தாள். வரும்போதே போகிற தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அழைப்பாள். நான் கிழவியின் உடல்நலம் விசாரிப்பேன். அவள் என் சாப்பாட்டை விசாரிப்பாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த அலமாரியில் இருபத்து மூன்று புத்தகங்கள். இருபத்து மூன்றிலும் கடைசி எண் 212, கடைசி வருடம் அவள் கிளம்பிய வருடம். அவளுக்குப் பிறகு ஊரில் ஒருவர்கூடத் தொடவில்லை. இருப்புப் பதிவேட்டில் இருபத்து நான்கு என்று இருந்தது. காணாமல் போன ஒன்று, வெளிநாடுகளுக்குப் போய்க் காய்கறித் தோட்டம் போட்ட நம் ஊர்க்காரர்களைப் பற்றிய நூல். அதற்கு நேராகக் குறிப்புப் பத்தியில் வெனெட்டா அத்தை "எலி" என்று எழுதியிருந்தார்.

சீட்டை மட்டும் பார்க்க வேண்டியவன் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். என் பட்டப்படிப்பில் இதைவிடப் பெரிய ஒழுங்கீனம் கிடையாது.

இந்த மாதிரி நூல்களை நான் அதற்கு முன் மதித்ததில்லை. கதை என்றால் ஒருவன் இன்னொருத்திக்காகக் காத்திருப்பான், வருவாளா மாட்டாளா என்று ஒரு பக்கம் புரட்டலாம். வரலாற்று நூலில் எல்லாரும் வந்து, இருந்து, போயும் முடிந்துவிட்டார்கள். இனி அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு சங்கடம் வந்தது. பண்பாட்டு நூல் எழுதுகிறவர்கள் நம்மைப் பற்றி எழுதும்போது "இப்பகுதி மக்கள்" என்றுதான் எழுதுகிறார்கள். இப்பகுதி மக்கள் கோடை முடியும்போது மிளகாய் சுட்டு ஜாடிகளில் அடைத்தனர். இப்பகுதி மக்கள் ஒரு நாய்க்குக்கூட இரண்டு பெயர் வைத்திருந்தனர். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே இப்பகுதி மக்கள் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள், புகை உள்ளே வந்தது. உயிரோடு இருக்கும்போதே நம்மை யாரோ "இருந்தனர்" என்று எழுதிவிட்ட மாதிரி இருந்தது. அதே சமயம், ஒருவராவது உட்கார்ந்து கவனித்து எழுதினாரே என்று நன்றியாகவும் இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக உணரவைக்கிற நாவல் எதையும் நான் படித்ததில்லை.

அதோடு, ஓரங்களில் அம்மா இருந்தாள். பென்சிலில், சின்ன எழுத்தில், ஆசிரியரோடு சண்டை போட்டிருந்தாள். மணப்பெண் மாமியார் வீட்டில் நாற்பது நாள் பேசக் கூடாது என்று ஆசிரியர் எழுதியிருந்த இடத்தில், "என் மாமியாரை இவருக்குத் தெரியாது. நான் நாலு வருஷம் பேசவில்லை." ரொட்டி அச்சு நூலில், அளவுகள் கொடுத்திருந்த பக்கத்தில், "ஐயா பிசைந்து பார்த்ததுண்டா?" ஒரு முழு அத்தியாயத்தின் அடியில் ஒரே சொல், "பொய்." நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு இருந்தால் மென்மையான அழிப்பானால், ஒரே திசையில், அழுத்தாமல் அழிக்க வேண்டும் என்பது எங்களுக்கு இரண்டாம் ஆண்டுப் பாடம். அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அழிப்பானை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பதினேழாவது புத்தகம் வழக்கங்களைப் பற்றியது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து ஒருவர் தூரப் பயணம் கிளம்பினால் வாசற்படியில் தண்ணீர் ஊற்றுவோம், போகிற காரியம் தண்ணீராய் ஓடட்டும் என்று. அம்மா கிளம்பிய காலையில் ஊற்ற வேண்டியவன் நான். செம்புப் பாத்திரம் எங்கே என்று தேட நேரமில்லை. ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து படியில் ஊற்றினேன். குறி தவறி அவள் ஷூவிலேயே முக்கால்வாசி போயிற்று. அவள் ஈரக் காலோடு வண்டியில் ஏறினாள். நான் பொறுப்பான பிள்ளை. யாராவது வழுக்கி விழப்போகிறார்கள் என்று மாப்பை எடுத்து வந்து படியை நன்றாகத் துடைத்துவிட்டேன்.

புத்தகத்தில் இப்படி இருந்தது: "ஊற்றிய நீரைத் துடைப்பதில்லை. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வாசலைப் பெருக்குவதுமில்லை. பெருக்கினால் அவர் திரும்பும் வழி அழிந்துவிடும் என இப்பகுதி மக்கள் நம்பினர்."

பத்து வருடம் கழித்து, பக்கம் நூற்று முப்பத்தெட்டில், இது எனக்குத் தெரியவந்தது. இந்த வகைப் புத்தகங்களில் எனக்குள்ள ஒரே புகார் இதுதான். எல்லாவற்றையும் சரியாகச் சொல்கின்றன, ஆனால் படியைத் துடைத்த பிறகு சொல்கின்றன.

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. அந்த மாப்பை மட்டும் அன்று மாலை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

குழு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை மதியம், வெனெட்டா அத்தை மருந்துக் கடைக்குப் போன நேரத்தில், கணினியில் உட்கார்ந்தேன். வாடகைக்குப் போயிருக்கிற வீட்டை இடிக்க முடியாத மாதிரி, இரவலில் இருக்கிற புத்தகத்தைக் கழிக்க முடியாது. எல்லாவற்றையும் இரவல் என்று பதியப் போனேன், கணினி உறுப்பினர் எண்ணைக் கேட்டது. என் எண்ணில் ஐந்து புத்தகத்துக்கு மேல் ஏறாது. பயிற்சி மாணவனுக்கு அவ்வளவுதான். பழைய உறுப்பினருக்கு வரம்பில்லை. 212 என்று அடித்தேன். அந்த அட்டையை வெனெட்டா அத்தை ஏனோ நீக்கவே இல்லை. இருபத்து மூன்று முறை பொத்தானை அமுக்கினேன். புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனேன். குழு வந்தது, காலி அலமாரியைப் பார்த்தது, "வரலாறு நல்லாப் போகுது போலிருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனது.

நான் மறந்தது ஒன்று. வந்த முதல் வாரம் உறுப்பினர் விவரங்களைக் கணினியில் ஏற்றியவனும் நான்தான். தொலைபேசி எண் இல்லாமல் அது அடுத்த கட்டத்துக்குப் போகாது என்பதால் அம்மாவின் இத்தாலி எண்ணை நானே போட்டிருந்தேன். தவணை இருபது நாள். இருபத்தோராம் நாள் கணினி தானாகச் செய்தி அனுப்பும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு அம்மா அழைத்தாள். செவ்வாய்க்கிழமை அவள் அழைத்ததே இல்லை.

"லுப்சோ, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

என் முழுப்பெயர் லுபென். அதை அவள் சொல்லி நான் கேட்டது மூன்று முறை, மூன்றும் அடி வாங்கிய நாள்கள்.

"வெனெட்டா அத்தை இருக்காங்க. என்னம்மா, இன்னைக்குக் கூப்பிடுற? கிழவிக்கு ஏதாச்சும்..."

"அவங்களுக்கு என்ன, பிஸ்கட்டைக் காப்பியில முக்கித் தேடிக்கிட்டிருக்காங்க. நீ வெளியில வா."

வாசல் படிக்கு வந்தேன்.

"எனக்கு வாசகசாலையிலேர்ந்து செய்தி வந்திருக்கு. இருபத்து மூணு புத்தகம் திருப்பித் தரலையாம்."

"அம்மா, அது வந்து..."

"குறுக்கப் பேசாத. நானே சொல்லிடுறேன். இருபத்து மூணுங்கிறது அபாண்டம். நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணு."

நான் படியில் உட்கார்ந்தேன்.

"தோட்டக்காரங்க புத்தகம். பெட்டியில, ஸ்வெட்டருக்கு நடுவுல வச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பத்து வருஷமா ஒருத்தரும் கேக்கல. இப்ப ஒண்ணு இருபத்து மூணா வந்து நிக்குது. வட்டி போடுறாங்களாடா?"

"ஏம்மா எடுத்துட்டுப் போன?"

கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. கிழவி பிஸ்கட்டைக் கண்டுபிடித்துவிட்டாள் போல.

"ஊர்ச் சாமான் ஒண்ணு கையில இருந்தா ஊரு நம்மள அப்படியே விட்டுடாதுன்னு ஒரு நெனப்பு. யாராச்சும் வந்து கதவைத் தட்டி, எங்கடி புத்தகம்னு கேப்பாங்கல்ல. அதுல போட்டிருக்குடா. வசந்தத்துல கிளம்பிப் போவாங்களாம், முட்டைக்கோசு எல்லாம் வித்துட்டு திமித்ரி திருநாளுக்குள்ள வந்து சேந்துடுவாங்களாம். வராதவனுக்கும் மேசையில ஒரு தட்டு வைப்பாங்களாம். நான் அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? 'கழுவுறது யாரு?'"

சிரித்தாள். பிறகு, "சனிக்கிழமை பார்சல் கொண்டு வர்ற ஸ்பாஸ் வண்டியில குடுத்து அனுப்புறேன். வெனெட்டாவுக்குத் தெரியாம அலமாரியில சொருகிடு. அதோட கணக்கு முடிஞ்சிடும்" என்றாள்.

"சரிம்மா" என்றேன். பத்து வருடமாக எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிய சொல். போனை வைத்த பிறகுதான், சரி என்று எதற்குச் சொன்னேன் என்பது உறைத்தது. ஊரிடமிருந்து அவள் பிடித்து வைத்திருந்த ஒரே நூலை, என் கையாலேயே வாங்கி அலமாரியில் சொருகிவிடச் சம்மதித்திருக்கிறேன். மாப்பு இல்லாமலே இரண்டாவது தடவை துடைக்கப் போகிறேன்.

உள்ளே போனேன். வெனெட்டா அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் திறந்திருக்குடா" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணினி, பெட்டி, குழு, எல்லாம்.

"நீ போட்ட அன்னைக்கே தெரியும். அந்தத் திரை எனக்கும்தான் தெரியுது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உன் மதிப்பெண் படிவத்தை நான்தான் நிரப்பணும். அதுல 'சுய முயற்சி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. எவ்வளவு போடலாம்னு மூணு வாரமா யோசிக்கிறேன்."

"அத்தை, அந்த எலி..."

"எலி எங்க போச்சுன்னு தெரியாமலா எழுதினேன். உங்கம்மா ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டு அந்தக் கதவு வழியாத்தான் போனா. முதுகை அப்படி நிமிர்த்தி அவ நடந்ததே இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தபால்ல, வண்டியில வந்தா நான் வாங்க மாட்டேன். எடுத்த ஆள் நேர்ல வந்து அட்டையில கையெழுத்துப் போடணும்."

"அப்படி விதி இருக்கா?"

"எண்பத்தேழாம் வருஷம் இருந்தது. யாரும் ரத்து பண்ணினதா எனக்குத் தெரியல. இருபத்து நாலுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அதுவரைக்கும் எல்லாம் இரவல்ல இருக்கு, எந்தக் குழு வந்தாலும்." கணினியில் ஏதோ தட்டினார். "தவணை அக்டோபர் இருபத்தாறு. திமித்ரி திருநாள். அந்தப் புனிதர் பேரைத்தான் அவளுக்கு வச்சது, அவ பேர் நாளும் அன்னைக்குத்தான், உனக்கு ஞாபகமிருக்கோ என்னவோ. இப்ப போய்ப் பேசு. ஜன்னலை நான் சாத்திக்கிறேன்."

சாத்தவில்லை. நான் படியில் நின்று எண்ணை அழுத்தினேன்.

"அம்மா, புத்தகத்தை அனுப்பாத."

"ஏன், வெனெட்டா கத்துறாளா?"

"நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். விதியாம்."

"அப்படி ஒரு விதியும் கிடையாது. நான் அங்க பதினெட்டு வருஷம் உறுப்பினர்."

"எண்பத்தேழுல..."

"லுப்சோ."

"சரி, விதியை விடு. நான்தான் சொல்றேன். நீ வா. போற தேதி இல்லாம வா."

எதிர்முனையில் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது. இத்தனை வருடம் பயந்தது இந்த மௌனத்துக்குத்தான். நினைத்த அளவு பெரிதாக இல்லை, ஆனால் சின்னதாகவும் இல்லை. அதை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும் போலிருந்தது.

"நீ போன அன்னைக்கு நான் படியைத் துடைச்சுட்டேன்மா."

"பார்த்தேன். வண்டி திரும்புறப்ப பார்த்தேன். என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்புன்னு சிரிச்சேன். அப்புறம் செர்பியா எல்லை வரைக்கும் அழுதேன். சாக்ஸ் வேற ஈரம்."

"துடைக்கக் கூடாதாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"எழுதினவர் ஒரு நாளாவது படி துடைச்சிருப்பாரா? அந்தப் பக்கத்துல நான் ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல."

"எழுதியிருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "இந்தம்மாவுக்கு எண்பத்தொன்பது வயசுடா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறாங்க. பொண்ணு மிலான்ல இருக்கா, அவகிட்ட பேசணும். பேசினா என்ன சொல்லுவாளோ. சனிக்கிழமை வண்டியைப் பாரு. பார்சல்ல புத்தகம் இருந்தா வெனெட்டாகிட்ட குடுத்துடு."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் இன்னும் திருப்பித் தரலைன்னு அர்த்தம். நானே கொண்டு வந்து தர்றேன்னு அர்த்தம். போன வை, பால் பொங்குது."

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் புத்தகங்களுக்கு உறை போட்டேன். இரண்டை ஒன்றாகச் சேர்த்து உறை போட்டுவிட்டதை வெனெட்டா அத்தை கண்டுபிடித்தார். படிவத்தை மட்டும் எடுத்து ஏதோ எழுதினார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்பாஸ் மாமாவின் வெள்ளை வண்டி சந்தைத் திடலில் வந்து நின்றது. இத்தாலியில் அம்மாக்கள் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போல வரிசையில் நின்றோம். எங்களில் இரண்டு பேருக்குத் தலை வழுக்கை. என் முறை வந்ததும் ஒட்டுநாடா சுற்றிய அட்டைப்பெட்டியை மாமா கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. புத்தகக் கனம். வீடு வரை தாங்காது என்று நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்து சாவியால் கிழித்தேன்.

மேலே காப்பிப் பொட்டலம் நான்கு. சீஸ் கட்டி ஒன்று, அதன் மேல் செய்தித்தாள். ஆலிவ் எண்ணெய் டின், அதுதான் கனம். சாக்ஸ் ஆறு ஜோடி, என் காலுக்கு இரண்டு அளவு சின்னது. அவள் மனதில் என் பாதம் எந்த வருடத்தில் நின்றிருக்கிறதோ. ஒரு ஸ்வெட்டர். மடிப்பை விரித்தேன், கைகளுக்குள் விட்டுத் தேடினேன், உதறினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி ஒருமுறை எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.

ஸ்பாஸ் மாமா சிகரெட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னடா, எதாச்சும் குறையுதா?"

"ஆமா மாமா. ஒண்ணு குறையுது."

"ஏய், நான் எடுக்கலப்பா. எல்லைல கூடப் பெட்டியைத் திறக்கல. சத்தியமா."

"தெரியும் மாமா."

"அப்புறம் எதுக்குடா சிரிக்கிற?"

நான் அந்தச் சின்ன சாக்ஸில் ஒரு ஜோடியை எடுத்து, ஷூவைக் கழற்றிவிட்டு, எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.